நடுவிடம் யாருக்கு? பனாமாவின் கண்புள்ளி எறும்புப் பறவை: ஒரு நிகழ்வு ஆய்வு

கள நோட்டில் நான் முதலில் எழுதியது தவறான பெயர். "இருநிற எறும்புப் பறவை, ஒன்று, குரல் மட்டும், காலை 6.50" என்று குறித்திருந்தேன். இருபது நிமிடம் கழித்து அதை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதினேன். அந்த இருபது நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டது ஒரு பறவையின் அடையாளத்தை மட்டுமல்ல. அதே பறவை சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தீவிலிருந்து ஏன் அடியோடு மறைந்துபோனது என்ற பழைய கேள்விக்கான விடையின் நுனியும் அங்கேயே கிடைத்தது. இரண்டையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் பறவையின் இறகை மட்டும் பார்த்தால் பெயர் தெரியும். அது எங்கே நிற்கிறது என்று பார்த்தால்தான் பறவை தெரியும்.

இடம், பனாமாவின் பைப்லைன் சாலை. கால்வாய்க் கரையில் உள்ள கம்போவாவுக்கு அருகே தொடங்கி, காட்டுக்குள் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் ஓடும் மண் பாதை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எரிபொருள் குழாய் பதிப்பதற்காக அமெரிக்கர்கள் வெட்டியது. இப்போது 1980இல் அமைந்த சோபெரானியா தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஜூலை மாதம், மழைக்காலம். இரவு முழுவதும் பெய்து விட்டிருந்தது.

பாதையிலிருந்து முப்பது அடி உள்ளே தூறல் விழுவது போன்ற ஓசை கேட்டது. அண்ணாந்து பார்த்தேன், மழை இல்லை. ஓசை தரையிலிருந்து வந்தது. காய்ந்த இலைகளின் மேல் ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் ஒரே நேரத்தில் தப்பி ஓடும் சலசலப்பு அது. படையெறும்புகள் கிளம்பியிருந்தன.

எசிடன் பர்செல்லி என்ற இந்த எறும்பினத்தில் ஒரு கூட்டத்துக்குப் பல லட்சம் எறும்புகள் இருக்கும். வேட்டைக்குப் போகும்போது பல மீட்டர் அகலத்துக்கு விசிறிபோல் விரிந்து நகரும். அந்த விசிறியின் முன்பக்கத்தைத்தான் முகப்பு என்கிறேன். வேகம் அதிகமில்லை, ஒரு மணி நேரத்தில் பதினைந்து மீட்டர் அளவுதான். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு இலையின் அடியும் கிளறப்படும். கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி, பூரான் எல்லாம் ஒளிவிடத்தைவிட்டு வெளியே ஓடிவரும். அப்படி ஓடிவருபவற்றைப் பிடிக்கத்தான் பறவைகள் காத்திருக்கின்றன. எறும்புப் பறவை என்ற பெயரைக் கேட்பவர்கள் அது எறும்பைத் தின்னும் என்றே நினைப்பார்கள். அது எறும்பைத் தின்பதில்லை. எறும்பு எழுப்பிவிடும் இரையைத் தின்கிறது.

இனி, என் தவறுக்கு வருகிறேன்.

நான் கேட்ட குரல், சீழ்க்கைகளின் தொடர். மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, சுருதி ஏறி, பிறகு தளர்ந்து இறங்கியது. இருநிற எறும்புப் பறவையின் பாட்டும் இதே அச்சில் வார்த்ததுதான். அந்தப் பறவை அந்தக் காட்டில் அதிகம் என்பதால் மனம் தானாக அதன் பெயரைச் சொல்லிவிட்டது. எறும்புப் பறவைகள் தாம்னோஃபிலிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. 230க்கும் மேற்பட்ட இனங்கள், எல்லாம் மெக்சிகோவின் தெற்கிலிருந்து தென் அமெரிக்காவரை வாழ்பவை. பெற்றோரிடமிருந்து கேட்டுப் பாட்டைப் பழகும் பறவைகள் அல்ல இவை. பாட்டு பிறப்போடு வருவது. ஆகவே ஓர் இனத்தின் பாட்டு பறவைக்குப் பறவை அதிகம் மாறாது, குரலை நம்பி அடையாளம் சொல்லலாம் என்பது பொதுவான பாடம். பாடம் சரிதான். நான் தவறவிட்டது பாட்டின் வாலை. இருநிறப் பறவை முடிக்கும்போது குரல் கரகரத்து, உறுமலாக இறங்கும். நான் கேட்டது கடைசிவரை மெல்லிய, தெளிந்த சீழ்க்கையாகவே இருந்தது. முதல் நான்கு ஒலிகளிலேயே பெயரை எழுதத் தொடங்கிவிட்டதால் கடைசி நான்கை நான் கேட்கவே இல்லை.

பிறகு பறவைகள் கண்ணில் பட்டன. மூன்று இனங்கள், மூன்று தூரங்களில்.

எறும்பு முகப்பின் விளிம்பில் சிறியது ஒன்று, கட்டைவிரல் பருமனுள்ள செடியில். சாம்பல் தலை, கறுப்புத் தொண்டை, செம்பழுப்பு முதுகு, வெள்ளை மார்பின் குறுக்கே கறுப்புப் புள்ளிகள் கோத்த மாலை. புள்ளி எறும்புப் பறவையின் ஆண். எடை ஏறத்தாழ 17 கிராம். அதற்குச் சற்று உள்ளே இரண்டு இருநிறப் பறவைகள்: மேலே பழுப்பு, தொண்டையிலிருந்து வயிறுவரை வெண்மை. எடை 30 கிராம் அளவு. நோட்டில் நான் பெயர் எழுதியது இவற்றுக்குத்தான், ஆனால் பாடியது இவை அல்ல.

பாடியது நடுவில் இருந்தது. எறும்பு முகப்பின் மையத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நேராக நின்ற ஒரு கன்றின் தண்டைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டு. முதலில் தெரிந்தது நீலம். கண்ணைச் சுற்றிலும் இறகில்லாத அகன்ற நீலத் தோல். அந்த இருட்டில் அந்த நீலத்தைத் தவிர வேறெதுவும் சில நொடிகள் கண்ணில் ஏறவில்லை. பிறகு மற்றவை ஒவ்வொன்றாகத் துலங்கின: கறுப்புத் தொண்டை, பிடரியில் செம்பழுப்புப் பட்டை, இளஞ்சிவப்புக் கால்கள், நீண்ட வால். முதுகின் ஒவ்வொரு இறகும் நடுவில் கறுத்து, ஓரத்தில் வெளிர்ந்து, மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது. ஆங்கிலப் பெயரும் அந்தக் கண் போன்ற புள்ளிகளை வைத்துத்தான். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். கண்புள்ளி எறும்புப் பறவை, அறிவியல் பெயர் ஃபீனோஸ்டிக்டஸ் மெக்லியனானி. அதன் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். எடை 50 கிராம் அளவு. விளிம்பில் நின்ற சிறு பறவையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஒரு கரப்பான் அதே கன்றின் தண்டில் ஏறிவந்தது. அதன் பின்காலில் ஓர் எறும்பு கவ்வியபடி தொங்கிக்கொண்டிருந்தது. பறவை இறங்கவில்லை, கழுத்தை மட்டும் நீட்டிக் கரப்பானை எடுத்து, தண்டில் இரண்டு முறை அடித்தது. எறும்பு தெறித்து விழுந்தது. கரப்பான் உள்ளே போனது. இத்தனைக்கும் மூன்று நொடி ஆகியிருக்காது. அடுத்த நொடி ஓர் இருநிறப் பறவை அந்தக் கன்றுக்குப் பக்கத்துச் செடிக்கு வந்தது. கண்புள்ளி அதன் பக்கம் திரும்பி ஒரு தாவு தாவியது, அவ்வளவுதான். இருநிறம் விலகி முன்பிருந்த தூரத்துக்கே போய்விட்டது. அது போய் இறங்கிய இடத்திலிருந்து புள்ளிப் பறவை விலகி இன்னும் வெளியே போனது.

அந்த விலகல்தான் அடையாளம். இறகைச் சரிபார்த்து முடிப்பதற்கு முன்பே பறவைகள் தங்கள் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டன.

இந்த வரிசையை நுணுக்கமாகப் பதிவு செய்தவர் பறவை ஆய்வாளர் எட்வின் வில்லிஸ். 1960இல் தொடங்கிப் பல ஆண்டுகள், நான் தொடக்கத்தில் சொன்ன தீவான பாரோ கொலராடோவில் எறும்புப் படைகளின் பின்னால் நடந்தார். பறவைகளின் கால்களில் வண்ண வளையங்கள் மாட்டி, எது எதனுடைய துணை, எது எதனுடைய குஞ்சு, எது எதை விரட்டுகிறது என்று தனித்தனியாகக் கண்காணித்தார். இருநிறத்தைப் பற்றி 1967இலும், புள்ளிப் பறவையைப் பற்றி 1972இலும், கண்புள்ளியைப் பற்றி 1973இலும் தனித்தனி நூலளவுக்கு எழுதினார். அவர் காட்டியது இதுதான்: எறும்பு முகப்பின் நடுவில் இரை அதிகம், விளிம்பில் குறைவு, உடல் பெரிய இனம் நடுவைப் பிடிக்கிறது, அடுத்தது அதைச் சுற்றி, சிறியது வெளியே. பெரியது வராத நாளில் அடுத்தது உள்ளே நகரும்.

கண்புள்ளியின் குடும்ப வாழ்வு குறித்தும் அவர் எழுதியது என்னை வெகுவாகக் கவர்ந்தது. வளர்ந்த மகன்கள் பெற்றோரைவிட்டு முழுமையாகப் பிரிந்துபோவதில்லை. வெளியிலிருந்து துணையைக் கூட்டிக்கொண்டு வந்து, எறும்பு வேட்டைக்குப் பெற்றோருடன் சேர்ந்தே வருகின்றன. மகள்கள் வேறு கூட்டத்துக்குப் போகின்றன. ஆணின் வழியில் கிளைக்கும் ஒரு குலம்போல அவை திரிகின்றன. ஆண் பெண்ணுக்கு இரை ஊட்டுவதும் உண்டு. அந்த உறவு தளராமல் இருப்பதற்கு அது ஒரு கட்டு.

இவ்வளவு தெரிந்தும் அதன் கூடு மட்டும் வெகுகாலம் அகப்படவில்லை. 1860இல் ஜார்ஜ் லாரன்ஸ் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் சூட்டினார். பனாமா இருப்புப்பாதையின் லயன் ஹில் நிலையத்தில் பணியாற்றி, ஓய்வு நேரத்தில் பறவைகளைச் சேகரித்த ஜேம்ஸ் மெக்லியனான் நினைவாக வைத்த பெயர் அது. அதன் கூட்டைப் பற்றிய முதல் விவரிப்பு அச்சில் வந்தது 2004இல். பெயருக்கும் கூட்டுக்கும் இடையே 144 ஆண்டுகள். அத்தனை பேர் பார்த்த ஒரு பறவை, முட்டையிடும் இடத்தை மட்டும் அவ்வளவு காலம் காட்டிக்கொடுக்கவில்லை.

இப்போது எறும்பின் பக்கம் சற்று நின்றாக வேண்டும். அதை விளங்கிக்கொள்ளாமல் தீவின் கதை விளங்காது.

படையெறும்புகளுக்கு மண்ணில் கட்டிய புற்று கிடையாது. தங்கள் உடல்களையே கொக்கிபோல் ஒன்றோடொன்று கோத்து, மரப்பொந்திலோ விழுந்த மரத்தின் அடியிலோ ஒரு பாசறையாகத் தொங்கும். ராணியும் புழுக்களும் அதற்குள். 1930களில் பாரோ கொலராடோவில் ஆய்வைத் தொடங்கிய ஷ்நெய்ர்லா இந்த எறும்பின் கணக்கைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 35 நாள் சுழற்சி. அதில் 15 நாள் அலைச்சல்: பசித்த புழுக்கள் இருப்பதால் தினமும் பெரும் வேட்டை, இரவானால் வேறிடத்துக்குக் குடிபெயர்வு. மீதி 20 நாள் ஒரே இடத்தில் தங்கல்: புழுக்கள் கூட்டுப்புழுவாகிவிட்டதால் பசி குறைவு, வேட்டை சிறிது, சில நாள்களில் வேட்டையே இல்லை.

பறவையின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். ஒரே ஓர் எறும்புக் கூட்டத்தை நம்பியிருந்தால் மாதத்தில் பாதிக்குமேல் அரைப்பட்டினி. ஆகவே பல கூட்டங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கூட்டங்களின் சுழற்சி ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்பது பறவைக்கு வாய்ப்பு. ஒன்று தங்கியிருக்கும்போது இன்னொன்று அலையும். புள்ளிப் பறவைக்கு இந்தக் கவலை அவ்வளவு இல்லை. அது தன் சிறு எல்லைக்குள் இருந்துகொண்டு, எறும்பு வந்தால் சேர்ந்துகொள்ளும், வராவிட்டால் இலையில் பூச்சி தேடும். கண்புள்ளியும் இருநிறமும் ஏறக்குறைய முழு உணவையும் எறும்புக்கு முன்னால்தான் பெறுகின்றன.

இதற்காக அவை செய்யும் ஒரு வேலை 2001இல் கோஸ்டாரிகா ஆய்வொன்றில் வெளிவந்தது. எறும்பையே நம்பி வாழும் இனங்கள், வேட்டை நடக்காத நேரத்திலும் பாசறைக்குப் போய்ப் பார்க்கின்றன. இரை எதுவும் எடுப்பதில்லை. வந்து, தலையைச் சாய்த்துப் பாசறையைப் பார்த்து, போய்விடுகின்றன. எறும்பு கிளம்பியிருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று அறிந்துகொள்வதற்கான வருகை என்பதே அதற்கான விளக்கம். எப்போதாவது மட்டும் எறும்போடு சேரும் இனங்கள் இதைச் செய்வதில்லை. இரண்டாம் நாள் மாலை, மழைக்கு முன் மங்கிய வெளிச்சத்தில், விழுந்த மரமொன்றின் அடியில் இருந்த பாசறைக்கு எதிரே ஒரு கண்புள்ளி வந்து உட்கார்ந்ததை நானும் பார்த்தேன். கழுத்தை நீட்டியது. ஏழெட்டு நொடி இருந்தது. போய்விட்டது. இருபது அடி தள்ளி நின்ற எனக்கு எறும்புகளின் முடைநாற்றம் மூக்கில் ஏறியது. அந்தப் பறவைக்கு நாளைய கணக்கு முடிந்துவிட்டது என்று தோன்றியது.

கூட்டத்தில் இன்னொரு விருந்தாளியையும் சொல்லிவிடுகிறேன், இந்த ஆய்வுக்கு அது நேரடியாகத் தேவையில்லை என்றாலும். கண்ணாடிச் சிறகுள்ள வண்ணத்துப்பூச்சிகள் எறும்பு முகப்பின் மேல் தாழப் பறந்துகொண்டிருந்தன. பறவைகளின் எச்சத்தை உறிஞ்ச வருபவை அவை. 1980இல் இதற்கான விளக்கம் வெளியானது. எறும்பு, பூச்சி, பறவை, எச்சம், வண்ணத்துப்பூச்சி என்று அந்தச் சங்கிலி நீளுவதைக் கண்ணால் பார்க்கும்போது உடல் சிலிர்க்கிறது.

இனி தீவு.

சாக்ரெஸ் ஆற்றை காதுன் என்ற இடத்தில் அணைகட்டித் தடுத்தபோது பள்ளத்தாக்கு ஏரியானது. 1914இல் கால்வாய் திறக்கப்பட்டது. நீர் ஏறியதில் ஒரு குன்றின் தலை மட்டும் மிஞ்சித் தீவானது. அதுதான் பாரோ கொலராடோ, ஏறத்தாழ 15.6 சதுர கிலோமீட்டர். மெக்லியனான் வேலைபார்த்த பழைய இருப்புப்பாதையின் பெரும்பகுதியும் அதே ஏரிக்கடியில் போய்விட்டது. 1923இல் தீவு ஆய்வுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. வேட்டை இல்லை, மரம் வெட்டுதல் இல்லை. காடு வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் காட்டில், வில்லிஸின் கண்முன்னாலேயே கண்புள்ளி எறும்புப் பறவை குறைந்துகொண்டு வந்தது. 1960இல் அவர் வந்தபோது குலங்கள் இருந்தன. 1970 வாக்கில் அது தீவிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பிறகு முற்றிலும் இல்லை. 1974இல் அவர் எழுதிய கட்டுரை, காப்பகமான நாளிலிருந்து தீவு நாற்பதுக்கும் மேற்பட்ட கூடுகட்டும் பறவையினங்களை இழந்திருப்பதைக் காட்டியது. அவற்றில் பல, வெட்டவெளியை விரும்புபவை; காடு மூடியதால் போனவை. அது இயல்பு. ஆனால் கண்புள்ளி அடர்ந்த காட்டுப் பறவை. அதற்குரிய காடு ஆண்டுக்கு ஆண்டு மேம்பட்ட காலத்தில்தான் அது போனது.

எறும்பு தீர்ந்துவிட்டதா? இல்லை. நைஜல் ஃபிராங்க்ஸ் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட கணக்குப்படி தீவில் எசிடன் பர்செல்லிக் கூட்டங்கள் ஐம்பது அளவுக்கு இருந்தன. சதுர கிலோமீட்டருக்கு மூன்று. பந்தி விரித்தபடி இருக்க, பந்தியின் தலையில் உட்கார்ந்தவர் மட்டும் எழுந்து போய்விட்டார்.

காரணமாகச் சொல்லப்படுபவை பல. தீவில் கூடுகள் சூறையாடப்படுவது அதிகம் என்று செயற்கைக் கூடுகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. பெரிய ஊனுண்ணிகள் நிலையாகத் தங்காத தீவில் நடுத்தர விலங்குகள் பெருகி முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன என்பது ஒரு விளக்கம். கடுமையான கோடையில் ஒதுங்கிப் பிழைக்க ஈரமான பள்ளத்தாக்குகள் தீவில் இல்லை, அவை ஏரிக்கடியில் உள்ளன என்பது இன்னொன்று. இவை ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு முதன்மையாகப் படுவது 2008இல் வெளியான ஓர் எளிய சோதனை. காட்டுப் பறவைகளைப் பிடித்து, காதுன் ஏரியில் படகிலிருந்து, கரைக்கு 100, 200, 300 மீட்டர் தொலைவில் பறக்கவிட்டார்கள். சில இனங்கள் தடையின்றிக் கரை சேர்ந்தன. காட்டின் கீழ்த்தட்டில் வாழும் சில இனங்களால் 100 மீட்டர்கூடப் பறக்க முடியவில்லை. நீரில் விழுந்தன, படகில் வந்தவர்கள் அள்ளி எடுத்துக் காப்பாற்றினார்கள். சிறகு இருந்தும் நீர் அவற்றுக்குச் சுவர்.

இதைக் கண்புள்ளியின் வாழ்வோடு பொருத்திப் பாருங்கள். உடல் பெரிது, பசி பெரிது, ஒவ்வொரு குலத்துக்கும் பல எறும்புக் கூட்டங்கள் வேண்டும். ஆகவே 15.6 சதுர கிலோமீட்டரில் அதன் எண்ணிக்கை தொடக்கத்திலேயே குறைவு. எண்ணிக்கை குறைந்த இடத்தில் ஒரு மோசமான கோடையும், சூறைபோன சில கூடுகளும் தாங்க முடியாத இழப்பு. மகள்கள் வேறு குலத்துக்குப் போக வேண்டும். போவதற்கு வேறு குலம் இல்லை. பெருநிலத்தில் என்றால் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு பெண் வந்து சேரும். இங்கே சில நூறு மீட்டர் நீர் குறுக்கே நிற்கிறது. நடுவிடத்தைத் தரும் அதே உடல் பருமன்தான் முதலில் அழிவதற்கும் வழி வகுத்தது என்பது என் முடிவு.

ஹோண்டுராசிலிருந்து வடமேற்கு ஈக்வடார்வரை இந்த இனம் இன்னும் பரவியிருக்கிறது. உலக அளவில் அழியும் நிலையில் இல்லை. ஒரு பூங்காவைக் கோடுபோட்டு அடைத்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் நிலைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை பைப்லைன் சாலைக்கும் ஒருமுறை தீவுக்கும் போய் வரவேண்டும்.

நான் நான்காம் நாள் படகில் போனேன். கம்போவாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. தீவில் பகல் பதினொரு மணிக்கு எறும்புப் படை கிடைத்தது. அதே சலசலப்பு, அதே விசிறி. பெயர் எழுதாமல் பாட்டின் கடைசி ஒலிவரை காத்திருந்தேன். மெல்லிய சீழ்க்கை வரவில்லை.

கண்புள்ளி போன பிறகு புள்ளிப் பறவைகள் உடனடியாகப் பெருகிவிடவில்லை என்றும், நீண்ட தாமதத்துக்குப் பிறகே அவற்றின் எண்ணிக்கை கூடியது என்றும், சொந்த எல்லையைக் கைவிட்டு எறும்பின் பின்னாலேயே திரியும் பறவைகள் அவற்றில் உருவாகியிருக்கின்றன என்றும் 2011இல் ஜேனின் டச்டனும் ஜேம்ஸ் ஸ்மித்தும் எழுதியிருந்தார்கள். படித்திருந்தேன். படித்ததும் பார்த்ததும் ஒன்றல்ல.

அன்று இருநிறப் பறவை எதுவும் வரவில்லை. முகப்பின் மையத்தில், ஒன்றரை அடி உயரத்தில், நேராக நின்ற ஒரு கன்றில் 17 கிராம் பறவை ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் அளவே உள்ள ஒரு வெட்டுக்கிளி கீழே குதித்தது. பறவை குனிந்து பார்த்தது, விட்டுவிட்டது. அதைவிடச் சிறிய ஒரு சிலந்திக்காக இறங்கி ஏறியது. வெட்டுக்கிளியை எறும்புகள் மூடின. விரட்ட யாரும் வரவில்லை. நோட்டில் எழுதினேன்: "நடுவில்: புள்ளி, ஆண், ஒன்று. காலில் வளையம்."